மின்சாரத்தைச் சேமிக்கலாம்... சேமித்துத் தர ஆள் எங்கே?

சித்திரை மாத ராத்திரி. மணி பத்தைத் தாண்டிவிட்டது. விஸ்வநத்தத்தில் ஒற்றைத் தளம் போட்ட ஒரு கான்கிரீட் வீடு. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்திருந்த மொட்டைமாடி, இப்போதுதான் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. கணவர் ஆப்செட் அச்சகத்தில் வேலை முடித்து வந்து படுத்திருக்கிறார். மனைவி விடிந்ததும் பட்டாசு ஆலைக்குக் கிளம்ப வேண்டும். இந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றுவிட்டது.

அது சாதாரண ஃபேன் இல்லை. "பாதி கரண்டுதான் எடுக்கும்" என்று கேள்விப்பட்டு, கூடுதல் பணம் கொடுத்து, ரிமோட்டோடு வாங்கிய பி.எல்.டி.சி. ஃபேன். மறுநாள் சாயங்காலம் அந்த அக்கா அதை ஒரு வைண்டிங் கடைக்கு எடுத்துப் போனார்.

"அண்ணே, திடீர்னு நின்னு போச்சு. காயில் போயிருச்சான்னு பாருங்க."

கடைக்காரர் கழற்றிப் பார்த்தார். உள்ளே அவருக்குப் பழக்கமான கண்டென்சர் இல்லை. ஒரு சர்க்யூட் போர்டு இருந்தது.

"காயில் நல்லாத்தான்மா இருக்கு. போர்டு போயிருச்சு போல. இது நம்மகிட்ட ஆகாது, கம்பெனிக்குத்தான் அனுப்பணும். பத்து, பதினஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் வெக்கையில என்ன பண்ணுவீங்க? ரீவைண்டிங் பண்ணின பழைய ஃபேன் ஒண்ணு கிடக்கு, மாட்டிக்கோங்க."

அக்கா பழைய ஃபேனை வாங்கி வந்து மாட்டினார். புது ஃபேன் பரணுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது!

இதில் யாரைக் குறை சொல்வது? ஃபேன் நல்ல ஃபேன். கடைக்காரர் நேர்மையானவர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அக்காவும் காசைப் பார்க்காமல் நல்ல பொருளைத்தான் வாங்கினார். மூன்று பேரும் சரி. ஆனால் மின்சாரம் மட்டும் சேமிக்கப்படவில்லை. காரணம், நடுவில் ஓர் ஆள் இல்லை. அந்தப் போர்டைப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள்.

மின்சிக்கனம் என்றால் எல்லோரும் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், மானியத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் கணக்கு

பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவுதான். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மிச்சம் 540 வாட் ஹவர், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நம் ஊரில் மின்கணக்கு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாளுக்குப் பெருக்கினால் 32 யூனிட். வீட்டில் இரண்டு ஃபேன் என்றால் 64 யூனிட்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பழைய ஃபேன் இரண்டு மட்டுமே இரண்டு மாதத்துக்கு 108 யூனிட் குடிக்கின்றன. 2016-ல் தமிழக அரசு வீடுகளுக்குக் கொடுத்த 100 யூனிட் இலவசம், இரண்டு ஃபேனுக்கே போதவில்லை! புது ஃபேன் இரண்டும் சேர்ந்து 43 யூனிட்டோடு நின்றுவிடும்.

யூனிட் சராசரியாக 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபேனுக்கு ஒரு பில்லில் 160 ரூபாய் மிச்சம். புது ஃபேனுக்குக் கூடுதலாகக் கொடுத்தது 1,200 ரூபாய் என்றால், எட்டாவது பில்லுக்குள் அது திரும்பி வந்துவிடும். ஏறக்குறைய 15 மாதம். வணிகவியல் படிப்பவர்கள் இதைத் 'திரும்பப் பெறும் காலம்' என்று படிப்பார்கள். வங்கியில் எந்த டெபாசிட்டும் இவ்வளவு சீக்கிரம் போட்டதைத் திருப்பித் தராது.

ஆனால் இந்தக் கணக்கில் எழுதாத ஒரு வரி இருக்கிறது. "ஃபேன் பத்து வருஷம் ஓடும் என்ற அனுமானத்தில்." இரண்டாவது வருஷமே போர்டு போய், சரிசெய்ய ஆளில்லாமல் பரணுக்குப் போனால், போட்ட முதலில் பெரும்பகுதி நஷ்டம். ஒரு வீட்டில் இப்படி நடந்தால் பத்து வீட்டுக்குச் செய்தி போகும். "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்ற வார்த்தை, எந்த விளம்பரத்தையும்விட வேகமாகப் பரவும்.

தலைக்கு மேலே இருக்கும் அடுப்பு

ஃபேனைவிடப் பெரிய விஷயம் கூரை. விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இங்கே வேரூன்றியதற்கு இந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். வெடிமருந்தைக் காயவைக்கும் அதே வெயில்தான் மனிதர்களையும் காயவைக்கிறது.

கான்கிரீட் தளம் பகலில் சூட்டை வாங்கிச் சேமிக்கும், ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே படுக்க முடியவில்லை. இதற்கு இரண்டு வழி. சூடு தளத்துக்குள் போகும் முன்பே திருப்பி அனுப்புவது ஒன்று. போகும் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று.

இரண்டாவது வழி நம் கொத்தனார்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்ததுதான். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைத்தண்ணீரும் இறங்காது, வெயிலும் சட்டென்று இறங்காது. இன்று அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. பல வீடுகளில் கான்கிரீட் போட்டு, மேலே ஒரு சிமென்ட் பூச்சோடு முடித்துவிடுகிறார்கள்.

முதல் வழி இன்னும் மலிவானது. மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது! வெள்ளைக் கூரை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையும் என்பது பொதுவான அனுபவம். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே 'குளிர் கூரைக் கொள்கை' ஒன்றை வெளியிட்டது. தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வெள்ளையடிப்பதில் என்ன பெரிய படிப்பு என்று தோன்றும். இருக்கிறது. பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். விரிசலை முதலில் அடைக்க வேண்டும். தளத்தை நனைத்துவிட்டுத்தான் சுண்ணாம்பு பூச வேண்டும். பசை சரியான அளவில் சேராவிட்டால் முதல் மழையிலேயே கரைந்து ஓடும். ஒரு கோட் நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்குவாக்கில். மழைநீர் சேகரிப்புக் குழாயை அதற்கு முன்பே மூடிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு நேராகத் தொட்டிக்குப் போகும். இதில் ஒன்றை விட்டாலும் வேலை வீண். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, சில வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயை மாட்டி வைத்தது பலருக்கும் நினைவிருக்கும். திட்டம் நல்லது, கைவேலை அரைகுறை.

சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது...

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன்படி 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கியது. ஏ.சி., பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் 2006-ல் வந்தது. சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயமானது 2023 ஜனவரியில். குடியிருப்பு வீடுகளுக்கென்று 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற கட்டட விதித்தொகுப்பு 2018-ல் வெளியானது.

இவற்றில் மிக வேகமாக மக்களைச் சேர்ந்தது எது தெரியுமா? எல்.இ.டி. பல்பு. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகமாயின. விலை குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. பல்பு மாட்ட மெக்கானிக் தேவையில்லை! பழையதைக் கழற்றிப் புதியதைச் செருக சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அடுத்த படிகள் அப்படியில்லை. ஃபேனுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டும். கூரைக்குக் கொத்தனார் வேலை தெரிய வேண்டும். சோலாருக்கு இரண்டும் தெரிய வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'சூரிய வீடு' திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இதனால் 17 லட்சம் பேருக்கு நேரடி வேலை கிடைக்கும் என்றும் அரசு சொன்னது.

அந்த 17 லட்சம் பேர் வானத்திலிருந்து குதிக்க மாட்டார்கள். பேனல் மேல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டியின் நிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் சரியாகப் போட வேண்டும். தளத்தில் துளையிட்டால் ஒழுகாமல் அடைக்க வேண்டும். இதற்காகத்தான் 2015-ல் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 'சூர்யமித்ரா' பயிற்சியைத் தொடங்கியது. 600 மணி நேரப் பாடம், ஏறக்குறைய மூன்று மாதம். கட்டணம் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீசியன், பிட்டர் போன்றவர்களுக்கானது.

நல்ல திட்டம்தான். ஆனால் விஸ்வநத்தத்து வைண்டிங் கடைக்காரர் ஐ.டி.ஐ. படித்தவரா? பெரும்பாலும் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றவர். நம் ஊர்களில் மின்வேலை செய்பவர்களில் பலர் அப்படித்தான். அனுபவத்தை மதித்துச் சான்று தர ஒரு வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று பெயர். பட்டப்படிப்பு கேட்காது, அனுபவம் கேட்கும். அதுபோல ஃபேன் போர்டுக்கும், கூரைக்கும், வீட்டு மின்சிக்கனத்துக்கும் குறுகிய பயிற்சியும் சான்றும் ஏன் இருக்கக்கூடாது?

அவசரப்பட்டவர்கள் கொடுத்த விலை

ஆள் தயாராகும் முன் பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பணக்கார நாடுகள் பாடம்.

ஆஸ்திரேலியா 2009-ல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு பொருத்தும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த நேரம், வேகமாக வேலை உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. ஆனால் பயிற்சி போதாத இளைஞர்கள் அவசரம் அவசரமாகக் கூரைக்குள் அனுப்பப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கடும் வெப்பத்தால். வீடுகளில் தீவிபத்துகளும் நடந்தன. 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு விசாரணை ஆணையம் அமைத்தார்கள், 2014-ல் அறிக்கை வந்தது.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பரில் 'பசுமை வீடுகள் மானியம்' வந்தது. இலக்கு 6 லட்சம் வீடுகள். தகுதியுள்ள ஆட்கள் போதவில்லை. நிர்வாகக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஆறே மாதத்தில், 2021 மார்ச்சில், திட்டத்தை மூடிவிட்டார்கள். இலக்கில் பத்தில் ஒரு பங்கு வீடுகள்கூடத் தேறவில்லை.

ஒரு நாட்டில் பயிற்சி இல்லாத கைகள், இன்னொரு நாட்டில் கைகளே இல்லை. வணிகவியல் மொழியில் சொன்னால், தேவையை மானியத்தால் ஒரே நாளில் உயர்த்திவிடலாம். திறமையான உழைப்பின் அளிப்பை அப்படி உயர்த்த முடியாது.

பயிற்சி இல்லாத கையிடம் அவசர வேலையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சிவகாசிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இந்த மண் அதை அழுதுகொண்டே கற்றிருக்கிறது. பட்டாசு ஆலையில் போர்மேனுக்குப் பயிற்சியும் சான்றும் வேண்டும் என்று இருப்பது அதனால்தான். அதற்கென்று சிவகாசியிலேயே அரசுப் பயிற்சி மையம் இருக்கிறது. மருந்துக்குப் பயிற்சி தேவையென்றால் மின்சாரத்துக்கும் தேவைதானே?

ஒருகாலத்தில் இருவர் கல்கத்தா போனார்கள்

"இதெல்லாம் பெரிய நகரத்துக்குச் சரி, நம்ம பக்கம் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்குச் சிவகாசியின் சரித்திரமே பதில்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் கிடையாது. மழை பொய்த்த பூமி, வேலையில்லாத ஜனம். 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றார்கள். 1923-ல் ஊருக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. லேபிள் அடிக்க வேண்டிய தேவையிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது.

அவர்கள் கொண்டு வந்த முதல் சரக்கு இயந்திரம் இல்லை, பணம் இல்லை. கைவேலை! ஒரு ரயில் பயணம் போய், சில மாதம் கற்றதில்தான் இன்று லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள்.

கற்றுக்கொள்ளும் பழக்கம் அதோடு நிற்கவும் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பேரியம் உப்புக்குத் தடை விழுந்து, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அடுப்பு எரியாத வீடுகள் எத்தனையோ. பிறகு நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பசுமைப் பட்டாசு முறையை உற்பத்தியாளர்கள் கற்றுக்கொண்டுதான் மீண்டும் எழுந்தார்கள். அதேசமயம், ஒரே தொழிலை நம்பியிருந்தால் ஒரே தீர்ப்பில் ஊரே முடங்கும் என்பதும் அப்போது தெரிந்தது. இரண்டாவதாக ஒரு கைத்தொழில் வேண்டும் என்று தாய்மார்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

தீபாவளிக்குப் பிந்தைய மாதம்

இந்த ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு வேலை சில வாரம் ஓயும். மழைக்காலமும் அதுதான். வகுப்பு நடத்த இதைவிட நல்ல நேரம் ஏது? மழையில் உட்கார்ந்து கற்கலாம். தை, மாசியில் வெயில் ஏறும் முன் கூரை வேலையில் இறங்கலாம்.

பெண்களால் முடியுமா என்ற கேள்வியே வேண்டாம். அகமதாபாத்தில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட், குடிசைப் பகுதிப் பெண்களையே வீட்டு மின்தணிக்கையாளர்களாகப் பயிற்றுவித்திருக்கிறது. அவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், பில்லை வாங்கிப் பார்த்து, எந்த பல்பை மாற்ற வேண்டும், எங்கே ஜன்னல் வேண்டும் என்று சொல்கிறார்கள். ராஜஸ்தானின் திலோனியாவில் பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கே சோலார் வேலை கற்றுத் தந்தது. கம்பிகளையும் உதிரிப் பாகங்களையும் நிறத்தை வைத்து அடையாளம் காணச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கிராம் மருந்தை அளவு தப்பாமல் வைக்கத் தெரிந்த சிவகாசிப் பெண்ணின் விரல்களுக்கு, ஒரு சர்க்யூட் போர்டில் பற்றவைக்கக் கற்பது மலையா என்ன?

தடைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 100 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டுக்கு மின்சாரம் சேமித்தால் ஒரு பைசா மிச்சமில்லை. அங்கே லாபம் மின்வாரியத்துக்கு. ஆகவே செலவில் பங்கும் அரசிடமிருந்துதான் வர வேண்டும். வாடகை வீடென்றால் கூரைக்குச் செலவு செய்ய வேண்டியவர் சொந்தக்காரர், குளிர்ச்சியை அனுபவிப்பவர் குடியிருப்பவர். இருவரையும் ஒரு பேச்சுக்குக் கொண்டுவர ஊராட்சி முன்வர வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடைக் கூரைகளில் முதலில் தொடங்கினால், கற்றவர்களுக்கு முதல் வேலையும் கிடைக்கும், ஊருக்குக் கண்முன் சாட்சியும் கிடைக்கும்.

பயிற்சி முடிந்த மறுநாளே வேலை இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்னே பயிற்சி முடிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் கைகோத்து நடந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும்.

அந்த அக்காவின் பரணில் ஃபேன் இன்னும் காத்திருக்கிறது. காயில் நல்லாத்தான் இருக்கிறது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். போர்டு ஒன்றுதான் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும் ஆள் கல்கத்தாவிலிருந்து வர வேண்டியதில்லை. அந்தக் கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து வைண்டிங் கற்றுக்கொண்டிருக்கும் பையனாக இருக்கலாம். அவனுக்கு மூன்று மாதம் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுப்பது யார்?